இயங்குவதும் இயங்காததும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

இணையச் சேவை ஒன்று தடைப்பட்டால் 'எல்லாம் நின்றுவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான பழுதுகளில் எல்லாம் நின்றுவிடுவதில்லை. சில நிற்கின்றன, சில ஓடிக்கொண்டிருக்கின்றன. இயங்குவதற்கும் இயங்காததற்கும் இடையே உள்ள எல்லையைக் கண்டறிவதே பழுதுநீக்கும் கலையின் தலையாய பகுதி. கண்ணுக்குப் புலப்படாத மெய்நிகர் வலையமைப்பில் நேர்ந்த ஒரு பெரும்பழுதைப் பொறியாளர்கள் ஆராய்ந்த முறையையும், அதிலிருந்து நாம் பெறத்தக்க சிந்தனை நெறியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பகிர்ந்தளிக்கும் வாயில்

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் இணையத்தளத்தை நாடுகின்றனர். அத்தனை பேருக்கும் ஒரே கணினி விடையளிக்க இயலாது. ஆகவே, ஒரே பணியைச் செய்யும் பல கணினிகளை அணிவகுத்து நிறுத்துகின்றனர். கேட்போருக்குத் தகவலை வழங்கும் இக்கணினிகளை வழங்கிகள் என்கிறோம். வழங்கிகள் பலவாக இருக்கும்போது, வருகின்ற வேண்டுகோள்களை அவற்றிடையே பங்கிட்டு அனுப்ப ஓர் அமைப்புத் தேவைப்படுகிறது. அதுவே சுமைப்பகிர்வி. பொறியாளர்கள் இதனை லோட் பேலன்சர் என்று வழங்குவர்.

சுமைப்பகிர்வி பங்கிடும் முறைகள் பல. முதல் வேண்டுகோளை முதல் வழங்கிக்கும், அடுத்ததை அடுத்த வழங்கிக்கும் என வரிசையாக அனுப்பி, இறுதியை எட்டியதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது சுழற்சி முறை. அந்த நேரத்தில் எந்த வழங்கியிடம் வேலை குறைவாக இருக்கிறதோ அதற்கு அனுப்புவது குறைந்த இணைப்பு முறை. எம்முறையைப் பின்பற்றினாலும் சுமைப்பகிர்விக்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ள வழங்கிகள் எவை என்பது ஒன்று. அவற்றுள் இப்போது நலமாக இருப்பவை எவை என்பது மற்றொன்று.

முதற்செய்தியை ஒரு பட்டியல் தருகிறது. இரண்டாம் செய்தியை அறிய நலச்சோதனை உதவுகிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழங்கிக்கும் சிறு வினா ஒன்றை அனுப்பி, விடை வருகிறதா எனச் சுமைப்பகிர்வி பார்க்கிறது. தொடர்ந்து சில முறை விடை வரவில்லையெனில் அவ்வழங்கியை ஒதுக்கிவைத்து, ஏனையவற்றுக்கு வேண்டுகோள்களை அனுப்புகிறது. அது நலம்பெற்று விடையளிக்கத் தொடங்கியதும் மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. பயனாளிகள் இம்மாற்றத்தை உணர்வதே இல்லை.

இவ்வமைப்பின் வலிமை எங்கே உள்ளதோ அங்கேயே அதன் மென்மையும் உள்ளது. எல்லா வேண்டுகோள்களும் இவ்வொரு வாயில் வழியாகவே செல்கின்றன. வாயில் தவறினால், உள்ளே வழங்கிகள் அனைத்தும் நலமாக இருந்தாலும் அவற்றை யாரும் அடைய இயலாது.

தொட இயலாத இயந்திரங்கள்

ஒரு பெரிய கணினியின் ஆற்றலைப் பகுத்து, அதனுள் தனித்தனிக் கணினிகள் பல இருப்பதுபோல் இயங்கச்செய்வது மெய்நிகராக்கம் எனப்படும். 1972ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்கென இத்தகைய இயக்க முறைமையை வணிக அளவில் அறிவித்தது. பின்னர், 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் மெய்நிகர் கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குத் தரத் தொடங்கியது. மேகக் கணிமை பரவுவதற்கு அது பெருந்துணையாயிற்று.

மெய்நிகர் கணினிகள் வந்தபின் அவற்றை இணைக்கும் வலையமைப்பும் மெய்நிகர் ஆயிற்று. வடங்களைப் பிடுங்கிச் செருகாமல், மென்பொருளின் கட்டளையாலேயே வலையமைப்புகளை உருவாக்கவும் கலைக்கவும் முடிகிறது. சுமைப்பகிர்வியும் தனிப்பெட்டியாக இருந்த நிலை மாறி, மெய்நிகர் கணினிகளின்மீது ஓடும் மென்பொருளாயிற்று. கூட்டம் பெருகினால் அது தானே விரியும்; குறைந்தால் சுருங்கும்.

இத்தகைய சுமைப்பகிர்விச் சேவையில் இரண்டு பகுதிகள் உண்டு. வருகின்ற வேண்டுகோள்களை வழங்கிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது இயக்கப் பகுதி. புதிய சுமைப்பகிர்வியை உருவாக்குதல், வழங்கிகளின் பட்டியலைத் திருத்துதல், விரிக்கவும் சுருக்கவும் ஆணையிடுதல் ஆகியவற்றைச் செய்வது கட்டுப்பாட்டுப் பகுதி.

இவ்வேறுபாட்டை ஏரிப்பாசனத்தோடு ஒப்பிட்டு நோக்கலாம். மடைகளும் வாய்க்கால்களும் நீரைக் கொண்டுசெல்கின்றன. அவை இயக்கப் பகுதி. எந்த வயலுக்கு எந்த முறை, எவ்வளவு நேரம் என்பதை மனத்தில் கொண்டு மடைகளைத் திறந்து மூடுபவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் அவரை நீர்பாய்ச்சி என்பர். அவரே கட்டுப்பாட்டுப் பகுதி. நீர்க்கட்டி ஒருநாள் முறைக்கணக்கை மறந்துவிட்டார் எனக் கொள்வோம். ஏற்கெனவே திறந்திருக்கும் மடைகளில் நீர் வழக்கம்போல் ஓடும். எவருக்கும் குறை தெரியாது. அவர் ஒரு மடையை மாற்றியமைக்க முற்படும்போதுதான் நீர் தவறான வயலில் பாயும். 2012ஆம் ஆண்டில் இதையொத்த நிகழ்வொன்று மெய்நிகர் உலகில் நேர்ந்தது.

2012 டிசம்பர் 24

அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமைப் பிரிவு வழங்கும் சுமைப்பகிர்விச் சேவைக்கு எலாஸ்டிக் லோட் பேலன்சிங் என்று பெயர். அமெரிக்காவின் கிழக்கு வட்டாரத்தில் உள்ள அதன் கணினி மையங்களை நம்பி எண்ணற்ற நிறுவனங்கள் இயங்கிவந்தன. திரைப்படங்களையும் தொடர்களையும் இணையவழி வழங்கும் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

அன்று கிறித்துமசுக்கு முந்தைய நாள், திங்கட்கிழமை. அமெரிக்கப் பசிபிக் நேரப்படி பிற்பகல் 12.24 மணிக்குப் பராமரிப்பு நிரல் ஒன்று தவறுதலாக உண்மையான சேவைத்தரவின்மீது இயக்கப்பட்டது. அதனால் சுமைப்பகிர்விகளைப் பற்றிய நிலைத்தரவின் ஒரு பகுதி அழிந்தது. எந்தச் சுமைப்பகிர்வி எந்தெந்த வழங்கிகளுக்கு வேண்டுகோள்களை அனுப்ப வேண்டும் என்பது போன்ற குறிப்புகள் அத்தரவிலேயே இருந்தன. அந்நிரலை இயக்கியவர் தம் தவற்றை அப்போது உணரவில்லை.

அழிந்த நொடியிலேயே எல்லாம் நின்றிருந்தால் காரணம் விரைவில் தெரிந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. ஓடிக்கொண்டிருந்த சுமைப்பகிர்விகள் தொடர்ந்து ஓடின. அவற்றின் பட்டியல் அவற்றிடம் இருந்தது. மையத்தில் இருந்த மூலக்குறிப்பே அழிந்திருந்தது. வாடிக்கையாளர்கள் சுமைப்பகிர்விகளை மேலாண்மை செய்ய அனுப்பிய கட்டளைகளில் மட்டும் காலத்தாழ்வும் பிழைச்செய்திகளும் தோன்றலாயின.

புதிரும் அதன் திறவுகோலும்

பொறியாளர் குழு முதலில் திகைத்தது. கட்டளைகள் அனைத்தும் தோற்றிருந்தால் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானது என்று கொள்ளலாம். ஆனால் பல கட்டளைகள் வெற்றியுடன் நிறைவேறின. புதிய சுமைப்பகிர்விகளை உருவாக்க முடிந்தது. அவ்வாறு உருவாக்கியவற்றைத் திருத்தவும் முடிந்தது. பழைய சுமைப்பகிர்விகளைத் திருத்த முயன்றபோதே தடை நேர்ந்தது. ஒரே கட்டளை, ஒரே மென்பொருள், ஒரே வலையமைப்பு. ஆயினும் ஒன்று இயங்கியது, மற்றொன்று இயங்கவில்லை.

நேரம் செல்லச்செல்ல இரண்டாம் அறிகுறி வெளிப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த சுமைப்பகிர்விகளுள் சில தடுமாறத் தொடங்கின. கூட்டம் கூடும்போது அவை விரிய வேண்டியிருந்தது. விரிக்க முற்பட்ட கட்டுப்பாட்டுப் பகுதியிடம் தேவையான குறிப்பு இல்லை. ஆகவே அது குறைபாடான அமைப்பை எழுதிவைத்தது. கை வைக்கப்படாத சுமைப்பகிர்விகள் நலமாக இருந்தன, திருத்தப்பட்டவையே கெட்டன.

இவ்விரு அறிகுறிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். புதியவை இயங்குகின்றன, பழையவை இயங்கவில்லை. தொடாதவை இயங்குகின்றன, தொட்டவை இயங்கவில்லை. மென்பொருள் பழுதெனின் புதியவையும் தடைப்பட்டிருக்கும். வலையமைப்புப் பழுதெனின் தொடாதவையும் நின்றிருக்கும். பழையவற்றுக்கு மட்டும் உரியதாய், மாற்றம் செய்யும்போது மட்டும் தேவைப்படுவதாய் உள்ள பொருள் எது? பழைய சுமைப்பகிர்விகளைப் பற்றிய நிலைத்தரவு. தடுமாறிய சுமைப்பகிர்விகளை ஆழ்ந்து ஆராய்ந்தபோது, அத்தரவு காணாமற்போனதே மூலக்காரணம் என்பதைக் குழுவினர் கண்டுகொண்டனர்.

பயனாளிகளின் பக்கத்திலும் இத்தகைய எல்லைகள் தென்பட்டன. வட அமெரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் நெட்ஃபிளிக்ஸைத் தொலைக்காட்சியோடு இணைந்த கருவிகளில் கண்டுவந்தோர் பலருக்குக் காட்சி தடைப்பட்டது. கணினியில் கண்டோருக்குப் பெரிய தடை இல்லை. ஐரோப்பிய நாடுகளில் இருந்தோருக்கு வேறு வட்டாரத்தின் வழியே சேவை சென்றமையால் தடையே நேரவில்லை. ஒவ்வொரு கருவி வகைக்கும் தனித்தனிச் சுமைப்பகிர்விகள் இருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். தடை எங்கே இல்லை என்று கேட்டால், தடை எங்கே இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கிறது.

முதலில் தடுத்தல், பின்னர் மீட்டல்

காரணம் தெரிந்ததும் குழு செய்த முதற்செயல் மீட்பு அன்று, தடுப்பு. மாலை 5.02 மணிக்கு, விரித்தல் சுருக்கல் உள்ளிட்ட கட்டுப்பாட்டுப் பணிகள் பலவற்றை அவர்கள் நிறுத்திவைத்தனர். இதனால் எந்தச் சுமைப்பகிர்வியும் கூட்டத்திற்கேற்ப விரிய இயலாது. வாடிக்கையாளரும் திருத்தங்கள் செய்ய இயலாது. இஃது ஓர் இழப்பே. எனினும் நலமாக ஓடிக்கொண்டிருப்பவை கெடாமல் நிற்கும். நினைவிழந்த நீர்க்கட்டியை மடைகளுக்கு அருகே செல்லவிடாமல் நிறுத்தியதற்கு இச்செயல் ஒப்பாகும். பாதிப்பு உச்சத்தில் இருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த சுமைப்பகிர்விகளுள் 6.8 விழுக்காடு பழுதுற்றிருந்தன.

அதன்பின் மீட்புப் பணி தொடங்கியது. தரவு அழிவதற்குச் சற்று முந்தைய நிலையைக் காப்புநகலிலிருந்து மீட்பதே நோக்கம். முதலில் தேர்ந்த வழி பல மணிநேரத்தை எடுத்துக்கொண்டு, பயன்படத்தக்க நகலைத் தராமல் தோற்றது. இரவு முழுவதும் மாற்றுவழியில் முயன்று, டிசம்பர் 25 அதிகாலை 2.45 மணிக்கு அழிவுக்கு முந்தைய நிலையை மீட்டனர்.

மீட்ட நகலை அப்படியே பயன்படுத்த இயலாது. இடைப்பட்ட நேரத்தில் புதிய சுமைப்பகிர்விகள் தோன்றியிருந்தன, சில மாறியிருந்தன. பழைய நகலை மட்டும் வைத்தால் இவை மறைந்து புதிய பழுது உண்டாகும். எனவே பழைய நிலையையும் இடைக்கால மாற்றங்களையும் இணைத்துச் சரிபார்த்தனர். அப்பணி 5.40 மணிக்கு நிறைவுற்றது. அதன்பின்னும் எல்லாக் கதவுகளையும் ஒருசேரத் திறக்கவில்லை. நலமாக இருப்பவற்றுக்கு ஊறு நேராத வகையில் ஒவ்வொரு பணியாகத் திறந்தனர். முற்பகல் 10.30 மணிக்குள் பாதிப்புற்றவை ஏறத்தாழ அனைத்தும் மீண்டன. ஆயினும் சேவை இயல்புநிலையில் உள்ளது என்று அறிவித்தது நண்பகல் 12.05 மணிக்கே. இடைப்பட்ட நேரம் கூர்ந்து நோக்குவதற்குச் செலவாயிற்று.

தெரிந்து தெளிவோம்

பழுதின் காலவரிசை (பசிபிக் நேரம்)
டிசம்பர் 24, பிற்பகல் 12.24 – நிலைத்தரவின் ஒரு பகுதி அழிதல்
மாலை 5.02 – கட்டுப்பாட்டுப் பணிகள் நிறுத்தப்படல்
டிசம்பர் 25, அதிகாலை 2.45 – அழிவுக்கு முந்தைய தரவு மீட்கப்படல்
காலை 5.40 – தரவு இணைப்பும் சரிபார்ப்பும் நிறைவுறல்
காலை 8.15 – பெரும்பாலான பணிகள் மீண்டும் திறக்கப்படல்
முற்பகல் 10.30 – ஏறத்தாழ அனைத்துச் சுமைப்பகிர்விகளும் மீளல்
நண்பகல் 12.05 – இயல்புநிலை அறிவிப்பு

சிறு பொதி செல்லும். பெரும் பொதி செல்லாது

இதே சிந்தனை முறை சிறிய பழுதுகளுக்கும் பொருந்தும். மெய்நிகர் வலையமைப்புகளில் அடிக்கடி நேரும் ஒன்றைக் காண்போம்.

வலையமைப்பில் செய்திகள் சிறுசிறு பொதிகளாகப் பயணிக்கின்றன. ஒரு பொதியின் உச்ச அளவு பெரும்பாலும் 1500 பைட்டுகள். மெய்நிகர் வலையமைப்பில் ஒரு பொதியை மற்றொரு பொதிக்குள் வைத்து அனுப்புவர். கடிதத்தை உறையிலிட்டு, அவ்வுறையை இன்னொரு பெரிய உறையில் இடுவதுபோல. இதற்குப் பரவலாகப் பயன்படும் வி.எக்ஸ்.லேன் என்னும் முறையில் வெளியுறை 50 பைட்டுகளைக் கூடுதலாக்குகிறது. உள்ளே உள்ள பொதி 1500 பைட்டுகள் எனில், கீழேயுள்ள உண்மையான வலையமைப்பு 1550 பைட்டுகளைச் சுமக்க வேண்டும். அதன் வரம்பு 1500ஆகவே இருந்தால் பொதி கைவிடப்படும். கைவிட்ட செய்தியும் அனுப்பியவரை எட்டாமற்போனால், பொதி ஓசையின்றி மறைந்துவிடும்.

இப்பழுதின் தோற்றம் வியப்பானது. சுமைப்பகிர்வியின் நலச்சோதனை சிறிய பொதி, அது செல்கிறது. இணைப்பைத் தொடங்கும் செய்திகளும் சிறியவை; அவையும் செல்கின்றன. எல்லா வழங்கிகளும் நலம் என்று கண்காணிப்புத் திரை பச்சை நிறத்தில் காட்டுகிறது. ஆனால் பயனாளியின் திரையில் பக்கம் திறப்பதில்லை. ஏனெனில் பக்கத்தைச் சுமந்துவரும் பொதிகள் பெரியவை.

'எல்லாம் சரியாக உள்ளது, ஆனால் இயங்கவில்லை' என்று திகைப்பவர் இங்கே தேங்கிவிடுவார். எது செல்கிறது, எது செல்லவில்லை என்று கேட்பவர், வெவ்வேறு அளவுள்ள சோதனைப் பொதிகளை இடையில் பகுக்கக்கூடாது என்னும் குறிப்போடு அனுப்பிப் பார்ப்பார். 1450 பைட்டுகள் வரை செல்கின்றன. அதற்குமேல் செல்லவில்லை என்பது தெரியவரும். அந்த எல்லையே காரணத்தைக் காட்டிவிடுகிறது. உண்மையான வலையமைப்பின் வரம்பை உயர்த்துவதோ, மெய்நிகர் கணினிகளின் வரம்பை 1450ஆகக் குறைப்பதோ தீர்வாகும்.

பழுது ஆராயும் நெறி

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து பொருந்தச் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. இயந்திரத்தின் பழுதுக்கும் இது பொருந்தும். மேற்கண்ட இரு நிகழ்வுகளிலிருந்தும் பின்வரும் நெறிகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பழுதின் பரப்பை வரையறுத்தல். எல்லோருக்கும் தடையா, சிலருக்கா? எப்போதுமா, சில வேளையா? எல்லாக் கருவிகளிலுமா, ஒன்றிலா? 'இயங்கவில்லை' என்னும் ஒரு சொல் இவ்வினாக்களால் பயனுள்ள செய்தியாக மாறுகிறது.

இரண்டாவது, பாதையைத் துண்டுகளாகப் பிரித்தல். பயனாளி, சுமைப்பகிர்வி, வழங்கி என்னும் வரிசையில் இடையிலுள்ள சுமைப்பகிர்வியைத் தவிர்த்து வழங்கியிடம் நேரே கேட்டுப்பார்க்கலாம். விடை வந்தால் வழங்கி நலம். பழுது அதற்கு முன்னே உள்ளது. வரவில்லையெனில் ஆய்வு வழங்கியின் பக்கம் திரும்பும். ஒரு சோதனையில் பாதையின் ஒரு பாதி ஐயத்திலிருந்து நீங்குகிறது.

மூன்றாவது, அண்மையில் மாறியது எது என்று கேட்டல். நேற்றுவரை ஓடியது இன்று நிற்கிறதெனில், இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். மாற்றங்கள் அனைத்தையும் நேரத்தோடு பதிந்துவைக்கும் வழக்கம் இங்கே கைகொடுக்கும். டிசம்பர் 24 அன்று தரவை அழித்த செயல் அத்தகைய ஒப்புதல் கோரும் வழியில் செல்லவில்லை.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றல். பதற்றத்தில் ஐந்து திருத்தங்களை ஒருசேரச் செய்தால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. கூடினாலும் எதனால் கூடியது என்பது தெரியாது.

ஐந்தாவது, கருவி காட்டுவதை அதன் எல்லையோடு புரிந்துகொள்ளல். நலச்சோதனை பச்சை நிறம் காட்டினால், தான் கேட்ட வினாவுக்கு விடை வந்தது என்பதே பொருள்; எல்லாம் நலம் என்பது பொருளன்று.

யார் என்பதும் ஏன் என்பதும்

பெரும்பழுது நீங்கியபின் 'இதைச் செய்தவர் யார்?' என்னும் வினா எழுவது இயல்பு. ஒருவரைக் கண்டுபிடித்துத் தண்டித்துவிட்டால் சிக்கல் முடிந்ததாக மனம் அமைதியடைகிறது. ஆனால் அவருக்குப் பின் அவ்விடத்தில் அமரும் மற்றொருவரும் அதே தவற்றைச் செய்ய வாய்ப்பிருந்தால், சிக்கல் முடியவில்லை.

நிகழ்வுக்குப்பின் அமேசான் வெளியிட்ட அறிக்கை தரவை அழித்தவரின் பெயரைக் கூறவில்லை. அச்செயல் எவ்வாறு இயன்றது என்பதையே விளக்கியது. சேவைத்தரவை யாரும் எளிதில் தொட இயலாதவாறு காப்பதே அவர்களுடைய வழக்கம். தானியங்கு முறைக்கு மாறிக்கொண்டிருந்த சில பணிகளைச் செய்வதற்காக மிகச் சிலருக்கு மட்டும் அனுமதி தரப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒப்புதல் பெறவேண்டிய அந்த அனுமதி, நிலையான அனுமதியாகத் தவறாக அமைந்துவிட்டது. பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்தே இருந்தது. ஆகவே திருத்தமும் அங்கேயே செய்யப்பட்டது. தனி ஒப்புதலின்றித் தரவை மாற்ற இயலாதவாறு கட்டுப்பாடு அமைக்கப்பட்டது. மீட்புமுறையையும் மாற்றியமைத்தனர். மையக்குறிப்பு அழிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் சுமைப்பகிர்விகளின் நிலையோடு ஒப்பிட்டுத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வகையில் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றவும் திட்டமிட்டனர்.

தவறு செய்தவர் அஞ்சி மறைத்தால், தேடுவோர் இருளில் தேட வேண்டியிருக்கும். அஞ்சாமல் சொல்லும் சூழல் இருந்தால், மணிக்கணக்கான தேடல் நிமிடங்களில் முடியும். இவ்வகையில் நேர்மையான சூழலும் பழுதுநீக்கும் கருவிகளுள் ஒன்றாகும்.

மெய்நிகர் உலகின் இயந்திரங்களை நாம் தொட இயலாது. திறந்து பார்க்க இயலாது. அறிகுறிகளை மட்டுமே காண்கிறோம். அறிகுறிகளை அச்சத்தோடு நோக்கினால் அவை குழப்பம்; இயங்குவது எது, இயங்காதது எது எனப் பிரித்து நோக்கினால் அவையே சான்றுகள். மின்விசிறி நின்றாலும், கணக்கில் விடை தவறினாலும், நாடு முழுவதற்குமான சேவை தடைப்பட்டாலும் முதலில் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இன்னும் சரியாக இருப்பது எது?

கலைச்சொல் அறிவோம்

சுமைப்பகிர்வி – லோட் பேலன்சர்
வழங்கி – சர்வர்
மெய்நிகராக்கம் – விர்ச்சுவலைசேஷன்
மேகக் கணிமை – கிளவுட் கம்ப்யூட்டிங்
நலச்சோதனை – ஹெல்த் செக்
பொதி – பாக்கெட்
காப்புநகல் – பேக்கப்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழுதுற்ற ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, அதில் 'இயங்குவன', 'இயங்காதன' என இரு பட்டியல்கள் இடுக. அவற்றைக் கொண்டு காரணத்தை ஊகித்து வகுப்பில் எடுத்துரைக்க.

2. 'தவறு செய்தவரைத் தேடுவதைவிடத் தவறு நேர்ந்த வழியைத் தேடுவதே சிறந்தது' என்னும் தலைப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மையத்தரவு அழிந்தபின்னும் பல சுமைப்பகிர்விகள் தொடர்ந்து ஓடியதற்குக் காரணம்
அ) அவை வேறு நாட்டில் இருந்தன
ஆ) அவை மாற்றியமைக்கப்படாமல் இருந்தன
இ) அவற்றுக்கு வழங்கிகள் தேவையில்லை
ஈ) நலச்சோதனை நிறுத்தப்பட்டிருந்தது

2. வி.எக்ஸ்.லேன் முறையில் வெளியுறை கூடுதலாக்கும் அளவு
அ) 24 பைட்டுகள்
ஆ) 50 பைட்டுகள்
இ) 1450 பைட்டுகள்
ஈ) 1500 பைட்டுகள்

குறுவினா

1. சுமைப்பகிர்விக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு செய்திகள் யாவை?
2. நலச்சோதனை பச்சை நிறம் காட்டுவதன் பொருள் யாது?

சிறுவினா

1. இயக்கப் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி ஆகியவற்றின் வேறுபாட்டை ஏரிப்பாசன உவமை கொண்டு விளக்குக.
2. மீட்ட காப்புநகலை அப்படியே பயன்படுத்த இயலாமற்போனது ஏன்?

நெடுவினா

1. 'தடை எங்கே இல்லை என்று கேட்டால், தடை எங்கே இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கிறது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் இரு நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.